ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும்

சஸ்வினியைப் பள்ளியில் முதலாம் ஆண்டில் பதியப் பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டது. ஒரு வாரம் யோசித்துவிட்டுக் குணசுந்தரி லோகேஸ்வரிக்குப் போன் செய்தாள். அந்தப் போனைச் செய்யாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு அவள் நினைக்காத நாளில்லை.

இருவரும் கூலிம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தவர்கள். லோகேஸ்வரிக்கு அப்போது இருபது வயது. நம்பியவன் காணாமல் போயிருந்தான், பெற்றவர்களும் வீட்டில் சேர்க்கவில்லை. "ரெண்டே மாசம்க்கா. ஜொகூர்ல வேலை நிலைச்சதும் வந்து தூக்கிக்கிறேன்" என்று மூன்று மாதக் குழந்தையான சஸ்வினியைக் குணசுந்தரியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மாதத்துக்கு ஒருமுறை வந்த போன் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி என்றானது.

குணசுந்தரிக்கும் சுகுமாரனுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளையில்லை. குழந்தை அவர்களை அம்மா, அப்பா என்றது. முறைப்படி தத்தெடுக்க அவர்கள் முயலவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் பெற்றவள் திரும்பி வந்துவிடுவாளோ என்று பயம்.

போனில் லோகேஸ்வரி முதலில் பிள்ளை நலமா என்று விசாரித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுக்கா. ஜித்ராவுல இருக்கோம். அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லித்தான் கட்டிக்கிட்டேன். பிள்ளைய அழைச்சிட்டு வந்துடலாம்னு அவருதான் சொல்லிக்கிட்டே இருக்காரு. உங்ககிட்டக் கேக்க எனக்குத்தான் வாய் வரல."

இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் கணவனோடு வந்து பிள்ளையோடு பழகினாள். அந்த விக்னேஸ்வரன் மீது குறை சொல்லவும் ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டினான்.

"குடுக்க முடியாதுன்னு சொல்லு லா!" என்று சுகுமாரன் ஒருநாள் கத்தினான்.

"எந்த உரிமையில சொல்றதுங்க?" என்றாள் குணசுந்தரி.

பிள்ளையை அனுப்பும் நாளன்று காலையில் அன்னாசித் துண்டு என்கிற பலகாரம் செய்ய உட்கார்ந்தாள். கடையில் விற்கும் கேக் எதையும் சஸ்வினி தொடமாட்டாள். இது மட்டும்தான் வேண்டும். முந்தின நாளே அன்னாசியைத் துருவிச் சீனியும் பட்டையும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு இறக்கி வைத்திருந்தாள். மாவில் குளிர்ந்த வெண்ணெயை நறுக்கிப் போட்டதும் பிள்ளை இரண்டு கையையும் உள்ளே விட்டு உதிர்க்கத் தொடங்கியது. பாதிக்கு மேல் தட்டில் அழுத்தி, அதன்மேல் அன்னாசியைப் பரப்பி, மீதி மாவைத் தூவினார்கள். தூவியதைவிடத் தின்றதுதான் அதிகம்.

"அந்த வீட்டுல ஓவன் இருக்காம்மா?"

"இருக்கும்."

"இல்லேன்னா?"

"அப்பா வாங்கிட்டு வந்து குடுப்பாரு."

மதியம் வருவதாகச் சொன்னவர்கள் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். தட்டு அப்போதுதான் ஓவனிலிருந்து வெளியே வந்திருந்தது. குணசுந்தரி கத்தியை எடுத்தாள். வெட்ட வெட்ட எல்லாம் உதிர்ந்து, அன்னாசி ஒரு பக்கமும் மாவு ஒரு பக்கமுமாகப் பிரிந்தது.

"சூடா வெட்டக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?" என்றது பிள்ளை.

அவள் உதிர்ந்ததையெல்லாம் கரண்டியால் அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள். காரில் ஏறும்போது சஸ்வினி அழவில்லை. "நீ எப்ப வருவ?" என்று மட்டும் கேட்டாள். கார் திரும்பும் வரை சுகுமாரன் கொல்லைப்பக்கத்திலிருந்து முன்னால் வரவே இல்லை.

ஐந்து வாரம் கழித்து லோகேஸ்வரி அழைத்தாள்.

"அக்கா, பிள்ள சரியாவே சாப்பிட மாட்டேங்குது. அன்னாசித் துண்டுதான் வேணுமாம். மூணு தடவ செஞ்சிட்டேன், கல்லு மாதிரி ஆயிடுது. 'எங்க அம்மா செய்யிற மாதிரி இல்ல'ங்குது."

எங்க அம்மா. குணசுந்தரி சுவரில் சாய்ந்துகொண்டாள். தெரியாது, எல்லாம் கண்ணளவுதான் என்று சொல்லிவிடலாம். அங்கே அது சரியாக வராத வரைக்கும் பிள்ளை இவளை மறக்காது. அந்த எண்ணம் வந்ததை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பின்னால் பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் இதைச் சொன்னபோதும் மறைக்கவில்லை.

"வெண்ணெய உருக்கி ஊத்துனியா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"உருக்காத. ஐஸ்பெட்டியிலருந்து எடுத்து அப்படியே நறுக்கிப் போடு. நுனி விரலால உதிரு, பிசையாத. அன்னாசியில தண்ணி நிக்கக்கூடாது. எறக்கும்போது ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடு, அதுதான் அவளுக்குப் பிடிச்ச வாசம். வெந்ததும் தொடாத. நல்லா ஆறட்டும், அப்புறம் வெட்டு."

"சரிக்கா."

"மாவுல அவளையும் கை வைக்க விடு லோகா. வீடெல்லாம் கொட்டுவா. திட்டிடாத."

அதற்குப் பிறகு அந்த விஷயமாகப் போன் வரவில்லை.

தீபாவளிக்கு இருவரும் ஜித்ராவுக்குப் போனார்கள். சஸ்வினி புதுப் பாவாடையில் வளர்ந்து தெரிந்தாள். ஓடிவந்து சுகுமாரனின் காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டு லோகேஸ்வரியின் பக்கத்தில் போய் நின்றாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"சாப்பிடுங்க பெரியம்மா. நானும் அம்மாவும் செஞ்சோம்."

யார் அப்படிக் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று குணசுந்தரி கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, லோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். குணசுந்தரி ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். ஓரம் உதிராமல் நின்றது. ஏலக்காய் அளவாக இருந்தது.

"நல்லா இருக்கும்மா" என்றாள்.

திரும்பும் வழியில் கார் குருண் ஊரைத் தாண்டியது. அதன்பிறகு அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். சுகுமாரன் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அழுது முடியும் வரை ஸ்டியரிங்கில் கைவைத்தபடி அவனும் உட்கார்ந்திருந்தான்.