ஐந்தாவது கையெழுத்து

பெரியவள் சின்னவளைவிட ஏழே மாதம் மூத்தவள். அந்த ஏழு மாதத்தில் அப்படி என்ன சாதித்துவிட்டாள் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. படுத்துக் கிடந்து பால் குடித்திருப்பாள். ஆனாலும் பெரியம்மா மகள் என்பதால் அவள் அக்கா ஆகிவிட்டாள். சின்னவளின் பள்ளிப் பை, சைக்கிள், கணக்குப் புத்தகம் எல்லாமே அக்கா உபயோகித்துக் கழித்தவை. புத்தகத்தில் விடைகள்கூட எழுதியிருக்கும். சரியான விடைகள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கல்லூரியில் பெண்கள் வில்வித்தை அணியில் பெரியவள் சேர்ந்த மறுநாளே சின்னவளும் சேர்ந்தாள். பெரியவள் கேப்டன் ஆனாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு போட்டியிலும் பெரியவள் முதல், சின்னவள் இரண்டாவது. நான்காவதாக வந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கடைசிப் போட்டியில் அவள் 321, இவள் 318. அடுத்த பருவத்தில் தாண்டிவிடலாம் என்று விடியற்காலையில் எழுந்து நாணை இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போயிருந்த சமயத்தில்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் ஏறியது.

அடுத்த பருவத்திலிருந்து பெண்கள் வில்வித்தை அணி கிடையாது. ஆறு பேருக்காக அவ்வளவு பெரிய மைதானம் வீணாகிறதாம். பேராசிரியர்களின் கார்களோ வெயிலில் வாடுகின்றனவாம்.

மற்றவர்கள் அழுதார்கள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை. அணி போனால் அடுத்த போட்டி இல்லை. அடுத்த போட்டி இல்லையென்றால் அவள் ஆயுசுக்கும் இரண்டாவது. எழுபது வயதிலும் யாராவது அவளைக் காட்டி, "இவங்க அக்காதான் கேப்டன்" என்று அறிமுகப்படுத்துவார்கள்.

எதிர்ப்புக் கூட்டத்தில் பெரியவள்தான் பேசினாள். நூலகப் படியில் ஏறி நின்று, மைக் இல்லாமல், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல். ஆய்வக உதவியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவள் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். பேச்சு அவ்வளவு நன்றாக இருந்துதொலைத்ததே என்ற ஆத்திரம். நானூறு பேர் மனுவில் ஒப்பமிட்டார்கள்.

பிரின்சிபால் அசரவில்லை. பெரியவளை மட்டும் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். அணி கலையும், அவள் மட்டும் சிறப்பு வீராங்கனையாகத் தொடரலாம். மைதானத்தில் ஒரு மூலை, பயிற்சியாளர் எல்லாம் உண்டு. மற்ற ஐந்து பேரும் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

பெரியவள் எதையும் மறைக்கவில்லை. உடைமாற்றும் அறைக்கு வந்து தாளைப் பெஞ்சில் வைத்தாள்.

"எனக்கு வேணும்னு நான் கேக்கல. ஒருத்தி வேணாம்னு சொன்னாலும் கிழிச்சுப் போட்டுடறேன்."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மறுக்க மனசு வரும்? "நீயாவது ஆடுடி" என்று நான்கு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். பெருந்தன்மையைக் கொண்டே ஓர் அணியைக் கலைத்துவிடலாம் என்பதைச் சின்னவள் அன்றுதான் கண்டாள். பேனா அவளிடம் வந்தது.

"நான் போட மாட்டேன்."

"ஏன்டி?" என்றாள் அணியிலேயே ஒல்லி என்பதால் குண்டூசி என்று பேர் வாங்கியவள்.

"விரல் வலிக்குது."

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் தடித்த ஃபைல் ஒன்று இருந்தது. யார் என்ன காரணம் சொல்லி எதிர்த்தாலும் பதில் சொல்ல, காரணத்துக்கு ஒரு பக்கமாக எழுதி, ஓரத்தில் கலர் காகிதம் ஒட்டி வைத்திருந்தார்.

"உக்காரும்மா. சம உரிமைன்னு சொல்லப்போறியா?" விரல் மஞ்சள் காகிதத்துக்குப் போனது.

"இல்ல சார்."

"உடம்புக்கு நல்லது?" பச்சை.

"இல்ல சார்."

"பின்ன, கல்லூரியோட பெருமையா?"

"அதெல்லாம் எங்க அக்கா சொல்லுவா சார். அழகாச் சொல்லுவா. எனக்குப் பொறாமை."

பிரின்சிபால் ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். அந்தத் தலைப்பில் பக்கம் இல்லை.

"என்னம்மா சொல்ற?"

"அவ மட்டும் எய்வா, நான் வேடிக்கை பாக்கணுமா? மூணே மூணு புள்ளி சார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளை ஜெயிச்சுட்டா அப்புறம் நீங்க அங்க கார் நிறுத்துங்க, கப்பல் நிறுத்துங்க. நானே வந்து கோடு போட்டுத் தர்றேன்."

"படிக்கிற பொண்ணு பேசற பேச்சா இது?"

"உங்களுக்குப் பொறாமை வந்ததே இல்லையா சார்?"

"எனக்கா? சே சே."

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு புகைப்படம். பல கல்லூரி பிரின்சிபால்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் கோப்பையும் கையுமாக எதிர்த் தெருக் கல்லூரிக்காரர். நம்மவர் ஓரத்தில், பாதித் தோள் சட்டத்துக்கு வெளியே.

"எதிர்த்த காலேஜ்ல எட்டுப் பொண்ணுங்க எய்யறாங்க சார்," என்றாள் சின்னவள், கூரையைப் பார்த்தபடி. "அணிக் கோப்பைக்கு மூணு பேராவது வேணும். அக்கா ஒருத்திய வெச்சுக்கிட்டு வாங்க முடியாது. அடுத்த வருஷம் அவங்கதான் வாங்குவாங்க. பேப்பர்ல போட்டோ வரும். அவங்க சார் ரொம்ப சந்தோஷப்படுவாரு."

பிரின்சிபால் பேனாவை மூடினார். திறந்தார்.

"இப்பவே அந்த ஆளு பேச்சு தாங்கல," என்று தனக்குள் முனகினார். "எட்டுப் பேரா?"

"ஒன்பதாவது ஆளைத் தேடறாங்கன்னு கேள்வி சார்." இது சுத்தப் பொய். நல்ல காரியம் என்பதால் கூசாமல் வந்தது.

அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் பழைய தாள் கிழிக்கப்பட்டு, புதுத் தாள் ஏறியது: கல்லூரியின் உயர்ந்த மரபைக் கருதி அணி தொடரும். மைதானத்தில் குண்டூசியும் மற்ற மூவரும் சின்னவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே போட்டார்கள். "தனக்காக இல்ல, நமக்காக நின்னிருக்கா பாரு," என்றாள் ஒருத்தி.

"பொறாமையிலதான்டி நின்னேன்," என்றாள் சின்னவள். எல்லோரும் சிரித்தார்கள். என்ன தன்னடக்கம் என்றாள் குண்டூசி.

பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. வில்லோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"நான் நாலு தடவை போய்ப் பேசினேன். மனுஷன் அசையல. நீ பத்து நிமிஷத்துல அப்படி என்னடி சொன்ன?"

"சும்மா பேசிட்டிருந்தோம்க்கா."

பெரியவள் அம்பை விட்டாள். நடு மஞ்சளை விட்டுச் சிவப்பில் போய்ப் பாய்ந்தது.

"என் பேச்சுல இருந்து ஏதாவது எடுத்துச் சொன்னியா?"

"ஒண்ணுகூட இல்ல."

அடுத்தது சிவப்பையும் தாண்டி நீலத்தில். பெரியவள் நீலத்தில் அடித்துச் சின்னவள் பார்த்ததே இல்லை. திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இறுகி, கண் சுருங்கி இருந்தது. தெரிந்த முகம்தான்; தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

"சொல்லேன்டி. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சின்னவள் நாணைத் தாடைவரை இழுத்து நிறுத்தினாள். இத்தனை வருடத்தில் கை இவ்வளவு ஆடாமல் நின்றதில்லை.

"எய்யும்போது பேசாதக்கா," என்றாள்.