ஏழாவது ரீலில் நாற்பத்தொரு விநாடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி தினமும் மாலை நாலேகால் மணிக்கு நாற்பத்தொரு விநாடி இல்லாமல் போவாள். நின்ற இடத்தில் மறைந்து, அதே இடத்துக்குத் திரும்பி வருவாள்; கையில் கரண்டி இருந்தால் அது மட்டும் கீழே விழும். முதல் வாரம் தெரு அவளைச் சந்தேகப்பட்டது. மாடிவீட்டுத் தையல்காரி கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேரத்தில் உருப்படியாக ஒரு தப்பும் செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகே பேச்சு அடங்கியது. நாத்தனாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அண்ணா, நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே அண்ணி போயிடுறாங்க. என் கதையில முக்கியமான இடமெல்லாம் நாலேகாலுக்குத்தான் வருது."

மூடிப்போன தியேட்டர் ஒன்றிலிருந்து பழைய படமொன்றின் பிரிண்டைக் கடைக்காரர் பதினாலு ரீலாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் இது தொடங்கியது. டிவியில் வரும் பிரதியில் வானம் பச்சையாக இருக்கிறது, இசையை வேறு மாற்றித் தொலைத்திருக்கிறார்கள், தியேட்டரில் ஓடியபடியே படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவரும், அவர் முகம் பார்த்தேயிராத ஐந்து ரசிகர்களும் சபதம் எடுத்திருந்தார்கள். கடையில் ஊரார் கண்ணைச் சோதித்த நேரம் போக, பழைய ஃபிலிமின் வினிகர் வாடை அடிக்கும் முன்னறையில் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக ஒவ்வொரு ஃபிரேமையும் துடைத்து, தானே செய்த ஸ்கேனரில் ஏற்றினார். கதாநாயகி முகத்தின் ஒவ்வொரு கீறலும் அவருக்கு அத்துப்படி. மனைவி முகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஏழாவது ரீலில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது. பிடித்த காட்சியைத் தியேட்டர் ஆபரேட்டர் யாரோ நறுக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நீளம் நாற்பத்தொரு விநாடி என்று தெரிந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பெண்டாட்டி பாதி, படம் பாதி என்று இரட்டைக் கவலையோடு தேடத் தொடங்கினார். எந்தப் பாதி பெரியது என்பது தெருவுக்குத் தெரியும்.

பதினோரு வருடம் போயிற்று. அவள் நாலு பத்துக்கே அடுப்பைத் தணித்து, தலைவாரிக்கொண்டு, நாற்காலியில் உட்காரப் பழகிவிட்டாள். பன்னிரண்டாம் வருடம் அவர் தேடிப்போன ஒரு வீட்டில், எப்போதோ இறந்துபோன அந்த ஆபரேட்டரின் மனைவி பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தாள். தொள்ளாயிரத்து எண்பத்து நாலு ஃபிரேம், ரிப்பன்போலச் சுருண்டு கிடந்தது. கடைக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஜன்னலோரம் கதாநாயகி, மேசையில் இரண்டு டம்ளர் காபி, எதிரே இழுத்துப் போட்ட காலி நாற்காலி.

"கிடைச்சிருச்சு. இனிமே நீ எங்கயும் போக வேண்டியதில்ல" என்றார் மனைவியிடம்.

"ஒட்டாதீங்க."

"ஏன்?"

"அங்க ஒருத்தி காபி போட்டு வெச்சிட்டு, அப்புறம் என்னாச்சுன்னு கேக்குறா."

"நாப்பத்தொரு விநாடியில என்னத்தப் பேசுவீங்க?"

"ஒரு வாய் குடிப்பேன், கொஞ்சம் சொல்லுவேன், மிச்சம் மறுநாள். என் சின்ன வயசுக் கதையிலேருந்து சொல்லிக்கிட்டு வர்றேன். இப்பதான் நம்ம கல்யாணம் வரைக்கும் வந்திருக்கேன்."

கடைக்காரர் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தார். அதற்குள் அந்த ஐந்து ரசிகர்களும் மாறி மாறி போன் செய்தார்கள். மூன்றாம் நாள் மதியம் கையுறை மாட்டிக்கொண்டு ஒட்டிவிட்டார். இணைப்பு இருந்த இடமே தெரியவில்லை. அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். அன்று நாலேகாலுக்கு அவள் தலைவாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு பதினாறுக்கும் அங்கேயேதான் இருந்தாள்.

படம் முழுசாக வெளிவந்து, ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஏழாவது ரீலில் கதாநாயகி இரண்டு டம்ளரை வைத்துவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்தபடி, காபியில் ஆடை படியும்வரை காத்திருக்கிறாள். இரண்டாவது டம்ளரில் ஒரு வாய் குறைந்திருப்பது பிரிண்டில் உள்ளபடியே விடப்பட்டுள்ளது என்று அந்த ஆறு பேரும் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்கள். கடைக்காரரின் மனைவி இப்போதும் நாலு பத்துக்குத் தலைவாரிக்கொள்கிறாள். எதிரே நாத்தனார் உட்கார்ந்து பேசுகிறாள். அவள் கதையில் இப்போது எந்த இடமும் விட்டுப்போவதில்லை.