குசுகுசு அசையவில்லை

எங்கள் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாலும், ஹெட்செட்டை மாட்டிவிட்டால் நீங்கள் சிப்பாய். வீட்டுப் பேச்சு, வேலைப் பேச்சு, தலைவலி, எதற்கும் அங்கே இடமில்லை. மீறியவனுக்கு அடுத்த சனிக்கிழமை முழுக்க முகாம் வாசலில் காவல். சட்டம் போட்டவன் நான்தான். பிழைப்பு பார்சல் அலுவலகத்தில். ஆட்டத்தில் எல்லாருக்கும் 'தலைவர்'.

எங்களில் ஒருவனுக்குக் குசுகுசு என்று பெயர். மைக்கில் அவன் என்றைக்கும் வாய்விட்டுப் பேசியதில்லை. எதிரிக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் கிசுகிசுப்பான். இருட்டுவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவான். சிப்பாயாகவே வாழ்கிறான் என்று மெச்சி, போன மாதம் ஒரு புது ஹெட்செட் பரிசளித்தோம். பார்சலை என் கையாலேயே போட்டேன். முகவரியோடு அவன் எழுதச் சொன்னதும் நினைவிருக்கிறது: மூன்றாம் மாடி, பின்பக்கம். மணி அடிக்காது, தட்டவும். சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், இடிந்த பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தோம். எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். குசுகுசுவின் சிப்பாய் மட்டும் மாடிப்படிக்குக் கீழே அப்படியே நின்றான். இரண்டு முறை கூப்பிட்டேன். அசையவில்லை.

"ஆளு பின்றான் தலைவரே. நெஜமாவே பயந்த மாதிரியே நிக்கிறான் பாருங்க" என்றான் ஸ்பேனர். பைக் மெக்கானிக். எங்களில் குசுகுசுவின் ஊரிலேயே இருப்பவன் அவன் ஒருவன்தான்.

பயத்தில் உறைந்த சிப்பாய்க்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கத்தக் கூடாது. பக்கத்தில் போய்த் தோளோடு தோள் நின்று, சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். வாயடைத்துப் போனவன் 'ஆமாம்' என்றால் உட்கார்ந்து எழுவான். அதற்கு ஒரே ஒரு பொத்தான் போதும்.

போய் நின்றேன். நான் பேசுவது கேட்கிறதா என்றேன். உட்கார்ந்து எழுந்தான். காயமா என்றேன். நின்றான். பக்கத்தில் எதிரியா என்று கேட்டதும் உட்கார்ந்தான்.

வரைபடத்தைப் பார்த்தேன். எதிரிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கட்டடத்தில் எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

நான் போட்ட சட்டத்தை நானே உடைத்தேன். "தம்பி, உன் வீட்லயா?"

உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

ஹெட்செட்டில் நாற்காலி இழுபடும் சத்தம். எதுவோ விழுந்தது. யாரோ ஒரு கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். ஸ்பேனருக்கு முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன்: ஆட்களோடு போ, போலீசுக்கும் சொல்லு. ஸ்பேனருடைய சிப்பாய் மட்டும் மைதானத்தில் ஆளில்லாத சட்டைபோல் நின்றுகொண்டிருந்தான்.

அப்போது குசுகுசுவின் சிப்பாய் எழுந்தான். வானத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், சுவரில் போய் முட்டினான். பழகாத கை.

"வணக்கம் தலைவரே" என்றது ஒரு குரல். நல்ல, மரியாதையான குரல். "நான் இவனோட அண்ணன். தம்பிக்கு உடம்பு சரியில்ல, இன்னிக்கு ஆடமாட்டான். உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். அவனுக்குப் பேசவே வராதே என்று சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். கணினியை அணைக்கப் போவதாகச் சொன்னார். அணைத்தால் எழுந்து, தம்பியை அடைத்த அந்தக் கதவுப் பக்கம்தான் போவார்.

"வந்தது வந்தீங்க, ஒரு ரவுண்டு ஆடிட்டுப் போங்கண்ணே. ஆள் குறையுது."

சிப்பாயின் துப்பாக்கி மேலும் கீழும் ஆடியது. "இதுல சுடறது எப்படி?"

சுடுவது அப்புறம், முதலில் நடக்கப் பழகுங்கள் என்றேன். முன்னே போக எந்தப் பொத்தான், திரும்ப எது, குனிய எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரம் கற்றுக்கொள்ளும் ஆள். அதுவே பயமாக இருந்தது. அவர் ஹெட்செட்டை மாட்டவில்லை; ஸ்பீக்கரில் என் குரலே எனக்கு எதிரொலித்தது. நடுவில் குரலை உயர்த்தி, "சிப்பாய், கேக்குதுன்னா ஒரு தட்டு" என்றேன்.

தூரத்தில், மரப்பலகையில் ஒரே ஒரு தட்டு.

"யாருக்குச் சொல்றீங்க?"

"உங்களுக்குத்தாண்ணே. அந்தப் பெரிய பொத்தானைத் தட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. பொத்தானையும் தட்டவில்லை. சிப்பாய் என் பக்கம் திரும்பித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றான். நான் விடாமல் பேசினேன். மைதானம், மரங்கள், ஆறு, என்னென்னவோ.

வாசல் கதவு தட்டப்பட்டது. மணி அடிக்காத வீடு.

அண்ணன் அசையவில்லை. மறுபடியும் தட்டினார்கள், இம்முறை பல கைகள். அவர் மைக்கில் வாயை வைத்து, தன் தம்பியைப் போலவே கிசுகிசுத்தார்.

"தலைவரே, சத்தம் போடாம இருந்தா போயிடுவாங்கல்ல?"

வீட்டுக்குள்ளே, தாழிட்ட அந்தக் கதவைக் குசுகுசுவும் தட்ட ஆரம்பித்திருந்தான், நிறுத்தாமல்.