மூன்றாவது கரண்டி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கப்போவதை நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் அம்மா அடுக்களைப் பரணிலிருந்து விளக்கெண்ணெய்ப் புட்டியை இறக்குவாள். லீவெல்லாம் மாங்காயும் கொடுக்காப்புளியும் தின்று திரிந்த வயிறு கழுவப்பட்டால்தான் படிப்பு ஏறும் என்பது அவள் கட்சி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு எண்ணெய் உண்டு. போகாத பிள்ளைக்குக் கிடையாது.

போன வருஷம் தம்பி பவுலுக்கும் தங்கை பேபிக்கும் ஊற்றிவிட்டுப் புட்டியை மூடினாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் ஆளாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அம்மாவுக்கோ நிறைமாதம். “செசிலி, நீ இனிமேல் போக வேண்டாம்” என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மூடியை இறுக்கியதோடு சரி. இரண்டாம் பாரம், அதாவது ஏழாம் வகுப்பு, பாஸான நான் அன்றையிலிருந்து வீட்டில் இருக்கிறேன்.

அப்பா தோணித் தண்டல். கொழும்புக்குப் பாய் விரித்துத் தோணியை நடத்திப் போய் வருகிறவர். கடைசியாகப் புறப்படும்போது நான் பள்ளிக்கூடப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, “காத்துக் காலத்துல தோணியக் கட்டிப்போட்டுட்டு வீட்டுலதான இருப்பேன். அப்ப நானே உன்னக் கொண்டுபோய்ச் சேத்துவிடுதேன்” என்றார். இப்போது தென்மேற்குக் காற்று அடிக்க ஆரம்பித்து, துறைமுகத்தில் தோணிகளெல்லாம் கட்டிக்கிடந்தன. அப்பா வீட்டில் இருந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவருக்கு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது. கட்டிலை அவிழ்த்துப் பின்னினார். கொடிக்கயிற்றை மாற்றிக் கட்டினார். போன வருஷம் பிறந்த கடைசித் தம்பியின் தொட்டிலை, தோணியில் பாய்மரம் கட்டுகிற முடிச்சுப் போட்டு உத்திரத்தில் கட்டிவிட்டார். சின்னவன் தொட்டிலை நனைத்தபோது சேலையை அவிழ்க்க அம்மாவும் நானும் மாறி மாறி நகத்தை உடைத்துக்கொண்டோம்.

“இது வீடா தோணியா?” என்றாள் அம்மா. “புயல் வந்தாலும் தொட்டில் மட்டும் நிக்கும்.”

“நிக்கட்டுமே பிலோமினா. உன் புருசன் கட்டுன முடிச்சுன்னு நாலு பேரு சொல்லுவான்” என்றார் கட்டிலில் படுத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே.

செவ்வாய்க்கிழமை அவர் கொல்லையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தபோது காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அடுக்களையிலேயே சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். “அப்பா, திங்கக்கிழமை பள்ளிக்கூடம்.” அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

“அப்பா.”

“என்னளா?”

“காப்பியில கருப்பட்டிதான் போட்டிருக்கு. சீனி இல்ல.”

“உலகச் சண்டை முடிஞ்சும் சீனிக்கு ரேஷன் வரிசை முடியல பாரு” என்று சொல்லிக் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுப்புச் சாம்பலை ஒரேயடியாக அள்ளிக் கொட்டிவிட்டு, எதற்கு அள்ளினோம் என்று தெரியாமல் நின்றேன்.

அந்த வாரம் முழுக்க மற்றவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை எனக்கு. பேபியின் தலையில் ஈர் உருவினேன். அவள் பாவாடையை விளிம்பு பிரித்து நீளமாக்கினேன். பவுல் முதல் பாரம் போகிறான். அவன் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டேன். பூகோளப் புத்தகத்தைப் புரட்டி, நான் படித்த பாடங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன.

“ஏளா அக்கா, நீ இப்பப் போய் மூணாம் பாரத்துல உக்காந்தன்னு வையி, பிள்ளைக உன்னய டீச்சர்னு நினைச்சு எந்திரிச்சு நிக்கும்” என்றான் பவுல்.

“உன் அட்டையை நீயே போடு” என்று புத்தகத்தை அவன் மடியில் போட்டேன்.  ராத்திரி படுத்தபிறகுதான் நல்ல பதில்களாக வந்தன.

வியாழக்கிழமை விடிந்ததும் புட்டி இறங்கியது. அம்மா அகப்பையளவு பெரிய வெண்கலக் கரண்டியைத் துடைத்து வைத்தாள். கடுங்காப்பி தயாராக இருந்தது. பவுல் கொல்லைக் கதவுப் பக்கம் நகர்ந்தான். அப்பா பிடித்துத் தூக்கிவந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தினார்.

“ஏலே, கடலுக்குள்ள சோளகக் காத்து அடிக்கையில ஒங்கப்பன் ஓடினானா? வாயத் திற.”

“நீங்க குடிச்சீங்களா அப்பா கடலுக்குள்ள?”

“மூக்கப் பிடிங்க முதல்ல. பேச விடாதீங்க” என்றாள் அம்மா.

பவுல் விழுங்கினான். பேபி அழுது, துப்பி, இரண்டாம் முறை விழுங்கினாள். நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தேன். அம்மாவின் கையை மட்டும் பார்த்தேன். அந்தக் கை மூடியைத் தேடியது.

“எனக்கு?” என்றேன்.

அம்மா மூடியோடு நின்றாள். “உனக்கென்ன வயித்துக்கு? நல்லாத்தான இருக்க.”

அப்பா சிரித்துவிட்டார். “இத பாரு, அது ரெண்டும் மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுது, இவ கேட்டு வாங்குதா. மூஞ்சியில பரு வேற வந்திருக்கு, நல்லதுதான். இங்கன வா.” புட்டியை அம்மா கையிலிருந்து வாங்கி, கரண்டி நிறைய அவரே ஊற்றினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சின்னவனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் குடித்தேன். மூக்கைப் பிடிக்கவில்லை. பசை மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. கடுங்காப்பியைக்கூட வேண்டாம் என்றேன். எனக்கு ஊற்றியாகிவிட்டது. அப்பாவே ஊற்றிவிட்டார். இதற்கு மேல் என்ன பேச இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று நாங்கள் மூன்று பேரும் கொல்லைக்கும் பாய்க்குமாக நடந்தோம். மத்தியானத்துக்கெல்லாம் எனக்குக் காலைத் தூக்கி வைக்கத் தெம்பில்லை. அம்மா ஒற்றை ஆளாகச் சின்னவனைத் தூக்கிக்கொண்டே மிளகு ரசம் வைத்தாள். தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. பீத்துணி வேறு கிடந்தது. பாயில் படுத்திருந்த எனக்கு அடுக்களையில் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அவள் கோபம் கேட்டது.

“அவளுக்கு ஊத்திக் கொடுத்தீங்களே, அது எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“வயிறு சுத்தமாகட்டும்னுதான்.”

“பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குத்தான் இந்த வீட்டுல எண்ணெய். அவ அதுக்குத்தான் கேட்டா.”

 “நான் எப்பச் சொன்னேன் போகச் சொல்லி?” என்றார் அப்பா.

“போன தடவ தோணிக்குப் போகையில சொன்னீங்க. நானும் பக்கத்துலதான நின்னேன்.”

“அப்படியா சொன்னேன்?”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். மறந்தே போயிருக்கிறார். நானோ காற்று எப்போது திரும்பும், எப்போது திரும்பும் என்று அத்தனை மாதமாக முற்றத்தில் காயப்போட்ட துணி ஆடுகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போகட்டும்னும் நான் சொல்லல, போகவேண்டாம்னும் சொல்லல. இவனை யாரு பாப்பா? எனக்கு ரெண்டு கைதான இருக்கு. அதை மட்டும் சொல்லுங்க” என்றாள் அம்மா.

சாயங்காலம் அப்பாவே ரசஞ்சோறு கொண்டுவந்து பாய் ஓரத்தில் வைத்தார். “திங்கக்கிழமை போ. காத்து அடங்குற வரைக்கும் நான் இங்கனதான கிடக்கேன். சின்னவனை நான் பாத்துக்கிடுதேன்.”

காற்று அடங்கின பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த மூன்று மாதமாவது வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை என் வெள்ளைத் தாவணியைக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன். சனிக்கிழமை அப்பா சின்னவனை வைத்துப் பழகினார். நங்கூரத்தைத் தூக்குகிற மாதிரி அக்குளில் பிடித்து நீட்டித் தூக்கினார். அவன் வீறிட்டு அழுதான். பக்கத்து வீட்டு வெள்ளத்துரை அண்ணாச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன தண்டல், இந்தத் தடவ சரக்கு ரொம்பச் சின்னதா இருக்கே?” என்றார். அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சின்னவனை முற்றத்துக்கு எடுத்து வரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தோணி முதலாளியின் ஆள் ஆவுடையப்பன் வாசலில் வந்து நின்றார்.

“தச்சு வேலைக்கு ஓடாவி கிடைச்சுட்டாரு தண்டல். நாளைக்கே தோணியக் கரையேத்திக் கலபத்து அடிக்கணுமாம். பலகை இடுக்குல பஞ்சு வைக்கிற வேலை, நீங்க பக்கத்துல நிக்காம நடக்கக்கூடாதுன்னு முதலாளி சொல்லுதாரு.”

“ஆடி கழிஞ்சுதான் ஆளு கிடைக்கும்னாங்க?”

“கிடைச்சுட்டாருல்லா. விட்டா வேற தோணிக்குப் போயிருவாரு. காத்து அடங்குற வரைக்கும் வேலை இருக்கு.”

நான் அப்பாவின் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் தோள் இரண்டும் லேசாகிவிட்டன. அவர் எழுந்து போய் ஆணியில் மாட்டியிருந்த தன் கத்தியை எடுத்துக் கூர் பார்த்தார்.

ஆவுடையப்பன் போனபிறகு என் பக்கம் பார்த்து, “பாத்தியா, நான் என்ன செய்ய? அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்” என்றார்.

அடுத்த வருஷம் எனக்கு மூன்றாம் பாரத்துப் பெஞ்சியில் கால் நுழையுமா என்று பவுல் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்கவில்லை. கொடியில் கிடந்த என் தாவணியைப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை காலை பேபிக்கு ரிப்பன் கட்டி, சின்னவனை இடுப்பில் வைத்து, அவளைக் கான்வென்ட் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். என்னோடு படித்த முத்துக்கனி மூன்றாம் பாரத்தையும் முடித்துவிட்டாள். “ஏளா செசிலி, வாரியா?” என்று கேட்டாள். நான் சின்னவனைக் காட்டினேன். மணி அடித்தது. அவள் ஓடினாள்.

வீட்டுக்கு வந்து சின்னவனைத் தொட்டிலில் போட்டேன். அம்மா அடுக்களையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். விளக்கெண்ணெய்ப் புட்டி இன்னும் மேடையிலேயே இருந்தது. பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது.

“அதைப் பரண்ல எடுத்து வை. உனக்கு எட்டும்” என்றாள்.

எட்டியது. ஊறுகாய்ச் சாடிகளுக்கு முன்னால், விளிம்பில் வைத்தேன்.

“உள்ள தள்ளி வை. விழுந்துரும்.”

“விழாது. அங்கனயே இருக்கட்டும். அடுத்த வருசம் எனக்கு நீதான் ஊத்தணும். அப்பா இல்ல, நீ.”

இவ்வளவு நீளமாக நான் அம்மாவிடம் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. அவள் மீனை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். 

தொட்டிலில் சின்னவன் அழ ஆரம்பித்தான். நான் அசையவில்லை. அவன் குரலை உயர்த்தினான். அம்மா என்னையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவளே எழுந்து போனாள்.