ஆறு வருஷத்துக்கு முந்தின கடல்

கேமராவோடு கடலுக்குள் இறங்குவதுதான் அவன் பிழைப்பு. தங்கை இசையமைப்பாளர். இருவரும் சேர்ந்து எடுத்த படத்தில் ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. மீன்களும் ஆமைகளும் வரும், கூடவே இசை வரும், அவ்வளவுதான். "மீனே சும்மா இருக்கு, நடுவுல நமக்கென்ன பேச்சு?" என்று தொடக்கத்தில் சொன்னவன் அவன்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பவளப்பாறையில் அவன் எடுத்த காட்சிகளைப் பார்த்துப் பார்த்தே, கடைசிப் பதினோரு நிமிடத்துக்கான இசையைத் தங்கை எழுதினாள். அதே இடத்தைப் புதுக் கேமராவில் மறுபடி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இறங்கிப் பார்த்தான். பாறை எலும்பு போல வெளுத்துக் கிடந்தது. இடம் மாறிவிட்டதோ என்று மேலேறிப் படகோட்டியிடம் கேட்டுவிட்டு மறுபடி இறங்கினான். அதே இடம்தான். ஒரு கிளையைத் தொட்டான், பொடிந்தது. ஆமை இல்லை, திருக்கை இல்லை. ஒரே ஒரு சின்ன மீன் போக்கிடம் தெரியாமல் அவன் முகத்துக்கு நேரே நின்றது. முகத்தை மூடிய கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

எடுத்து வந்ததைத் தங்கை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். "அண்ணா, என் மியூசிக்கைத் தூக்கிடலாம். இதுக்கு ஒத்தை வயலின் போதும்" என்றாள். ஒரு வாரத்தில் எழுதி முடித்தாள். அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது.

விநியோகஸ்தர் கெட்ட மனிதர் அல்ல. புது முடிவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை வச்சு முடிச்சா ஒரு தியேட்டர்காரனும் எடுக்க மாட்டான் சார். பழசுதான் கையில இருக்கே, அதையே போடுங்க. எந்த வருஷம் எடுத்ததுன்னு மீன் வந்தா சொல்லப்போகுது?"

"அடியில ஒரு வரி எழுத்தாவது போடலாமே" என்று தங்கை கெஞ்சினாள்.

"வார்த்தையே இல்லாத படம்னு போஸ்டர் அடிச்சாச்சும்மா."

படம் பெட்டிக்குள்ளேயே முடங்கிவிடுமோ என்ற பயத்தில் அண்ணன் தலையாட்டிவிட்டான். பழைய காட்சியும் பழைய இசையும் திரும்ப வந்தன. தங்கை அதன்பின் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் காட்சி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வாசலில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அவனை வழிமறித்தாள்.

"கடைசியில வந்த இடம் எங்கங்க இருக்கு? லீவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

"அங்க இப்ப ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் செத்துப்போச்சு."

அவள் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். "கூட்டம் சேர்ந்துடும்னு சார் பயப்படறார். பரவால்ல சார், சொல்ல வேணாம்."

இல்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அதற்குள் அடுத்தவர் வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டிவிட்டார். அந்தக் கையைப் பற்றிக்கொண்டே கூட்டத்தில் தங்கையைத் தேடினான். பவளப்பாறை திரையில் வருவதற்கு முன்பே அவள் எழுந்து போய்விட்டிருந்தாள்.