உடைந்து வந்த ஜப்பான் பிஸ்கட்

1.

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஞாயிறு இதழ் ஒன்றின் ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டிருந்தார். ஜப்பானியரின் நொறுக்குத்தீனி கடந்த நூறு வருடங்களில் எப்படி வளர்ந்தது என்பது விடயம். நான் ஜப்பானுக்குப் போனதில்லை. வாசித்ததை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். இடையில் ஏதோ அலுவலாக ஏறாவூரில் சாலிஹ் என்பவரின் பார்சல் கடைக்குப் போக நேர்ந்தது. அங்கே ஓர் இளம் பெண் ஜப்பான் பிஸ்கட் பொதியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டுரை அன்றோடு நின்றது.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

“யுத்தத்தில் தோற்ற ஜப்பானில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை மா வந்து குவிந்தது. கரையில் யாருக்கும் வேண்டாத பொடி இறால் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் என்ன என்று…” (இது கட்டுரை. அந்தப் பெண்ணைக் காணவில்லை.)

“கம்சாயினி ஸ்கூட்டியை நிறுத்தியபோது வாவியிலிருந்து வீசிய ஈரக்காற்று அவளுடைய…” (வேண்டாம். இந்தக் காற்று எல்லாக் கதைகளிலும் வீசி ஓய்ந்துவிட்டது.)

“பிஸ்கட் உடைந்திருந்தது.”

இது போதும்.

2.

பிஸ்கட் உடைந்திருந்தது. முன்னர் வந்த பார்சல்களிலும் அப்படித்தான்.

கம்சாயினி வவுணதீவைச் சேர்ந்தவள். கணவன் ரதீஸ் ஜப்பானில் அரிசி பிஸ்கட் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான். அவன் விமானம் ஏறிய அன்று அவள் ஒரு நேர்த்தி வைத்தாள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கும்போது, அவனுடைய கை பட்ட பண்டம் ஒன்றை மடையில் வைப்பதென்று. அம்மன் முன்னால் பரப்பும் படையலைத்தான் இங்கே மடை என்பார்கள். உடைந்ததை அதில் வைப்பதில்லை. அதனால் நேர்த்தி இரண்டு வைகாசிகளாகக் கிடப்பில் இருக்கிறது. பார்சலில் உடைந்திருக்கும் என்றே ரதீஸ் சொல்லிவந்தான்.

இந்த வருடம் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரதீஸின் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வந்துவிடலாம், அல்லது இன்னும் சில வருடங்களுக்குக் கையெழுத்து வைக்கலாம். முடிவை அவளிடமே விட்டிருந்தான். மடை வைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தாள்.

“நானா, இது மூண்டாந்தரம். முழுசா ஒண்டக் கண்ணால காணல்ல நான்.”

“தங்கச்சி, பெட்டியப் பாருங்க. ஒரு நசுங்கல் காட்டுங்க. காட்டினா நாளைக்கே கடையப் பூட்டிப்போட்டு மீன் விக்கப் போறன்.”

“நீங்க வித்தா மீனும் துண்டு துண்டாத்தான் வரும்.”

“துண்டா வந்தா ஆணம் காய்ச்ச லேசிதானே” என்றார் சாலிஹ்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் எல்மோ என்ற ஒரு பறங்கியர் இருந்தார். புளியந்தீவுக்காரர், ஓய்வுபெற்றவர், நல்ல பேச்சு. ஆனால் அவருக்குச் செய்ய வேலை எதுவும் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன். தேவைப்பட்டால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.)

அதே பெட்டியில் ஒரு பீங்கான் கோப்பையும் வந்திருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் கம்சாயினி விடுவதாயில்லை. முழுப் பிஸ்கட் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று காட்ட, பெட்டியிலிருந்த இரண்டு பொதிகளில் ஒன்றை வெட்டி, துண்டுகளைக் கண்ணாடி மேசையில் கொட்டிப் பொருத்தத் தொடங்கினாள். சாலிஹும் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். சண்டை பிடித்த இருவரும் தலையோடு தலை முட்டும்படி நின்று பிஸ்கட் பொருத்தினார்கள்.

“இது இதோட சேருதில்ல.”

“திருப்பி வச்சுப் பாருங்க.”

“பாத்துட்டன். சேருதில்ல.”

“என்ன தங்கச்சி இது, ஒண்டுக்கொண்டு சொந்தமில்லாததெல்லாம் ஒரு பைக்குள்ள கிடக்கு?”

அவள் நிமிர்ந்தாள். வழியில் உடைந்திருந்தால் துண்டுகள் பொருந்தியிருக்க வேண்டும். இவை வேறு வேறு பிஸ்கட்டுகளின் துண்டுகள். பொதிக்குள் போகும் முன்னரே உடைந்தவை.

3.

எனக்கு விடை தெரியும். கட்டுரையில் இடம் போதாமல் வெட்டிய பகுதியில் அது இருந்தது.

ஜப்பானில் அரிசி பிஸ்கட் பழையது. தெருவோரத்தில் கரி அடுப்பில் வாட்டி, சோயாச் சாறு பூசி விற்றார்கள். பிறகு இயந்திரம் வந்தது. நூறு வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் மனைவி பிஸ்கட் வெட்டும் உலோக வார்ப்பைத் தவறுதலாக மிதித்துவிட்டாளாம். வளைந்த அந்த வார்ப்பில் பிறை வடிவில் வந்த பிஸ்கட்டை அந்த நாடு இன்றுவரை கொறிக்கிறது. அறுபதுகளில் இறால் பிஸ்கட்டும், விரலில் ஒட்டாமல் பிடித்துத் தின்ன நுனியில் சொக்லேட் பூசாமல் விட்ட குச்சியும் வந்தன. ஈரம் நுழையாத பொதிகள் வந்தபின் மொறுமொறுப்பு கடல் தாண்டியது. ஆனால் எவ்வளவு நல்ல இயந்திரத்திலும் சிலது உடையும். உடைந்ததைத் தனிப் பையில் போட்டு மலிவாக விற்பது அங்கே வழக்கம். ருசி ஒன்றுதான்.

ஆகவே ரதீஸ் மலிவானதை வாங்கி அனுப்பிவிட்டு, பார்சல்காரரின் தலையில் பழியைப் போட்டான். இரண்டாம் பிரதிவரை அவன் எனக்கு அப்படித்தான் தெரிந்தான். சில்லறைக் கஞ்சன். பிறகு அவனைப் பேசவிட்டேன்.

4.

வேலை முடிந்து அவன் வீடியோவில் வந்தான். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை.

“இஞ்சாருங்க, துண்டு ஒண்டும் பொருந்துதில்ல.”

“பார்சல்ல உடைஞ்சிருக்கும் புள்ள.”

“பொருந்துதில்ல எண்டுறன்.”

அவன் தொப்பியைக் கழற்றினான். திரும்பப் போட்டான்.

“நான் மிசின் ஓட்டுறன் எண்டுதானே ஊருக்குச் சொல்லி வச்சிருக்கன்? ஓட்டுறல்ல. பெல்ட்டில வாறதில உடைஞ்சதப் பொறுக்குறன். அதுதான் என்ட வேல.”

கம்சாயினி ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

“முழுசு ஒண்டும் என்ட கையில படாது. அது தானா மிசினுக்குள்ள போய்ப் பொதியாகி வெளிய வரும். உடைஞ்சதத்தான் நான் கைபோட்டு எடுக்கிற. கை பட்டது வேணும் எண்டு நீதானே கேட்ட? கடையில முழுசு வாங்கி அனுப்பியிருப்பன். அம்மாளுக்குப் பொய் சொல்ல ஏலுமா?”

“அம்மாளுக்கு ஏலாது. எனக்கு ஏலும், என்ன?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கையுறை போடுறல்லா?” என்று கேட்டாள்.

“போடுறதான்.”

“அப்ப?”

“அதுக்குள்ளயும் என்ட கைதானே கிடக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண் கலங்கியது. போனை முகட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

மறுநாள் ஏறாவூருக்குப் போய், “நானா, பிழை எங்கட பக்கம்தான்” என்றாள். “அல்ஹம்துலில்லாஹ், அப்ப மீன் விக்கத் தேவல்ல” என்றார் சாலிஹ். என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை.

5.

இப்போது முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

அ) எல்மோவைக் கூப்பிடுகிறேன். அவர் கொழும்புக்குப் போய்ப் பெரிய கடையொன்றில் முழுப் பிஸ்கட் பொதி வாங்கி வருகிறார். மடை அழகாக அமைகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தட்டில் ரதீஸ் இல்லை. எல்மோவே இதைப் படித்துவிட்டு, “சரியில்ல மகன்” என்றார்.

ஆ) கோயிலில் கம்சாயினி தட்டைச் சரிசெய்யும்போது இரண்டு துண்டுகள் விளிம்போடு விளிம்பு கச்சிதமாகப் பொருந்திவிடுகின்றன. (எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. வெட்டிவிட்டேன்.)

இ) மூன்றாவது முடியவில்லை. அதை அப்படியே தருகிறேன்.

குளிர்த்தி நாள், அம்மன் சடங்கு முடியும் நாள். மத்தளம் கேட்கிறது. பெண்கள் தட்டுகளோடு வரிசையில் நிற்கிறார்கள். கம்சாயினி இரண்டாவது பொதியை வெட்டி, துண்டுகளைப் பித்தளைத் தட்டில் பரப்பியிருக்கிறாள். மேலே வெற்றிலை போட்டு மறைக்கலாம் என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். இவள் மறைக்கவில்லை. இடுப்பில் செருகிய போனில் ரதீஸின் செய்தி கிடக்கிறது: “நாளைக்கு இவங்களுக்குப் பதில் சொல்லணும். கையெழுத்து வைக்கவா, வரவா?” பூசை செய்யும் கப்புகனார் வரிசையில் ஒவ்வொரு தட்டாக வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்கிறார்.

“என்ன புள்ள இது? உடைஞ்சு கிடக்கு?”

கம்சாயினி வாயைத் திறக்கிறாள். அவள்

இங்கேதான் நிறுத்தினேன். அவள் சொல்லப்போகும் பதில் கப்புகனாருக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறான். நான் அவளுக்காகப் பேசினால் அது என்னுடைய சொல்லாகிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதல் பகுதியில் நான் வெட்டியெறிந்த அந்த ஈரக்காற்று வாவியிலிருந்து இப்போது வீசத் தொடங்கியிருக்கிறது. பொதி திறந்தாயிற்று. அரிசி பிஸ்கட் இந்தக் காற்றில் அதிக நேரம் தாங்காது, நமத்துவிடும். யோசியுங்கள், ஆனால் அதற்குள் அவளுக்கு ஒரு சொல் எடுத்துக்கொடுங்கள்.