மூன்றாவது கொடி

மாதா திருவிழா நடக்கும் சாந்த மரியா வாரத்தின் கடைசி நாள் விடிந்ததுமே காரில் சாமான் ஏற்ற ஆரம்பித்துவிடுவது என் கணவன் நாஸ்யுவின் வழக்கம். "சாயங்காலம் துறைமுகத்துல கார் வரிசை மலை வரைக்கும் நிக்கும், சேத்தா. வெயில்ல வெந்து சாகணுமா?" என்பான் என்னிடம். எங்களைப் போலவே மால்டாவில் பாதி ஜனம் அந்த வாரம் பக்கத்துக் கோசோத் தீவுக்கு வந்து தங்கி, எல்லோரும் ஒரே நாளில் திரும்புவது உண்மைதான். ஆனால் அவன் ஓடுவது வரிசைக்குப் பயந்து அல்ல, கோஸ்ட்ராவுக்குப் பயந்து. இது எனக்கும் தெரியும், எங்கள் மகள் லோரி என்கிற லொரெதானாவுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

கோஸ்ட்ரா என்றால் வழுக்குமரம். கடைசி நாள் சாயங்காலப் போட்டிக்காகப் படகுத்துறைச் சுவரிலிருந்து கடல்மேல், நுனி உயர்ந்திருக்கும்படி சாய்வாக நீட்டிக் கட்டிய மரம். மாட்டுக்கொழுப்பை உருக்கி அடி முதல் நுனி வரை பூசியிருப்பார்கள். நுனிப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கொடிகள் இருக்கும். ஓடிப் போய்ப் பிடுங்க வேண்டும். வழுக்கினால் கீழே கடல்.

நாஸ்யு பதினெட்டு வயதிலிருந்து வருஷம் தவறாமல் அதில் ஏறினான். முதல் கொடியைக்கூடத் தொட்டதில்லை. எனக்கு ஏழு மாதமாக இருந்த வருஷம், கடலில் விழாமல் மரத்தின்மேலேயே குப்புற விழுந்தான். இரண்டு விலா எலும்பு போயிற்று. ஊரெல்லாம் வெடி வெடித்துக்கொண்டிருக்க, நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றான். படுக்கவும் இல்லை. பள்ளி வேன் ஓட்டினான், உடம்பு பெருத்தான், கடைசி நாள் காலையில் முதல் ஆளாகக் கப்பலேறினான்.

இந்த வருஷம் பின்கதவை அறைந்து மூடிவிட்டு, "லோரி எங்க?" என்றான்.

நான் தக்காளி தேய்த்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல எனக்கு வராது.

"படகுத்துறைல."

"இப்பப் போயி குளிச்சிட்டிருக்காளா? கப்பலுக்கு நேரமாச்சே!"

"குளிக்கப் போகல. பேர் குடுக்கப் போயிருக்கா."

"எதுக்குப் பேரு?"

நான் ரொட்டியைச் சுற்றினேன். அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. செருப்புகூடப் போடாமல் படியிறங்கிப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

படகுத்துறையில் சிக்கு என்பவன் மரத்துக்குக் கொழுப்பு பூசிக்கொண்டிருந்தான். எங்கள் வயதுக்காரன், மீன்பிடிக்கிறவன். சின்ன வயதில் நாஸ்யுவின் கண்ணெதிரே கொடி கொடியாகப் பிடுங்கியவன். இப்போது கோஸ்ட்ராவுக்கு அவன்தான் நடுவர். அவனுக்குப் பக்கத்தில் ஊர்ப் பையன்கள் கூட்டமாக நிற்க, நடுவில் நீச்சல் உடையில், முடியை இறுக்கி முடிந்துகொண்டு எங்கள் மகள். பத்தொன்பது வயது. வாட்டர் போலோ ஆடுகிறவள். தோள் அகலத்தில் அப்பனைக் கொண்டு பிறந்தவள்.

"இறங்கு. கார்ல ஏறு" என்றான் நாஸ்யு.

"நான் இன்னும் ஏறவே இல்லையேப்பா, எங்கேர்ந்து இறங்குறது?"

பையன்கள் சிரித்தார்கள்.

"லோரி, விளையாடாத. அந்த மரம் எலும்ப உடைக்கும். என் விலாவக் கேளு."

"பொறந்ததுலேர்ந்து கேட்டுட்டுதான் இருக்கேன். உன் விலா ஒரே கதையத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுது."

"உனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"ஆசையா இருக்கு. வேற காரணம் வேணுமா?"

சிக்கு கொழுப்புக் கையைத் துணியில் துடைத்தபடி நிமிர்ந்தான். "விடு நாஸ்யு. உங்க குடும்பத்துல ஒருத்தராவது அந்தக் கொடியக் கிட்டத்துல பாக்கட்டுமே."

நாஸ்யு திரும்பி வந்து காரில் உட்கார்ந்துகொண்டான். "நான் பாக்க மாட்டேன். அவ விழுந்து எந்திரிச்சதும் கெளம்புறோம்" என்றான். சரி என்றேன். மத்தியானத்துக்குமேல் காரை ஒரு தடவை நகர்த்தி நிறுத்தினான். நிழலுக்காக என்றான். அந்த இடத்தில் நிழலே கிடையாது. மரம் மட்டும் முழுசாகத் தெரிந்தது.

சாயங்காலம் படகுத்துறையில் கால் வைக்க இடமில்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் சுவரோரம் நின்று ஊதித் தள்ளினார்கள். மொட்டைமாடியிலும் படகிலும் தலையாக இருந்தது. மரத்துக்குக் கீழே விழுகிறவர்களைத் தூக்கிவிட ஒரு படகு சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஏறப்போகிறாள் என்ற செய்தி பரவியிருந்ததால் லோரியின் முறை வந்தபோது விசில் காதைக் கிழித்தது.

"மால்டாப் பொண்ணே! செருப்புப் போட்டுட்டு வா, கால் அழுக்காகிடும்!"

அவள் ஓடினாள். நாலு எட்டு. கால் பறந்தது, பக்கவாட்டில் கடலில் விழுந்தாள். கூட்டம் ஊளையிட்டது. சிரித்தபடி ஏறி வந்து வரிசையில் நின்றாள். அடுத்த தடவை பாதி மரம். அதற்கடுத்த தடவை தொடை மரத்தில் அடித்துச் சிவந்து போயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மறுபடி வரிசையில் நின்றாள். இதற்குள் ஊளை குறைந்திருந்தது. "இவ விடமாட்டா போலிருக்கே" என்று எனக்குப் பின்னால் ஒரு கிழவர் சொன்னார்.

முதல் கொடியை ஒரு ஊர்ப் பையன் பிடுங்கினான். இரண்டாவதை ஒரு சுண்ணாம்புப் பூச்சுக்காரன், லோரியின் விரல் அதில் உரசிய மறு ஓட்டத்திலேயே பிடுங்கினான். அவள் தண்ணீரிலிருந்தபடியே அவனுக்குக் கை தட்டினாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மிச்சம் மூன்றாவது கொடி. மரத்தின் நுனியில், நீலக் கொடி. பையன்கள் ஒருவர்பின் ஒருவராக ஓடினார்கள். எல்லோரும் இரண்டாவது கொடி இருந்த இடத்தைத் தாண்டியதும் கண்ணாடியில் காலை வைத்ததுபோல் பறந்தார்கள். லோரியும் அப்படித்தான். சிக்கு கை ஒலிபெருக்கியில் கத்தினான்: "கோயில் வாசல்ல மாதா சொரூபம் வெளிய வந்து மொத வெடி வெடிச்சதும் ஆட்டம் முடிஞ்சது! கொடி மரத்துல இருந்தா இந்த வருஷம் கடலுக்குத்தான் வெற்றி!"

யாரோ என் தோளைத் தொட்டார்கள். நாஸ்யு.

"அந்தக் கடைசி இடத்துக்கு யாருமே போகல, பாத்தியா?" என்றான். பார்வை மரத்தைவிட்டு அகலவில்லை. "இங்க எல்லாரும் ஓடி ஓடிக் கொழுப்பு தேஞ்சுபோச்சு. அங்க வெண்ணெய் மாதிரி அப்படியே கெடக்கு. எவ்வளவு ஓடினாலும் இவளுக்குக் கால் நிக்காது. யாராவது அதத் துடைச்சு விடணும்."

"யார் துடைப்பா?"

அவன் கார்ச் சாவியை என் கையில் வைத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தான். பிறகு சட்டையைக் கழற்றினான்.

"நாஸ்யு, உன் விலா!"

"அது மேல இப்ப நெறைய மெத்தை போட்டிருக்கேன், பயப்படாத."

வரிசையில் போய் மகளுக்கு முன்னால் நின்றான். அவள் வாயைப் பிளந்தாள். "அப்பா! என்ன பண்ற?"

"நான் துடைக்கிறேன். நீ பின்னாலயே ஓடி வா."

படகுத்துறை சிரிப்பில் வெடித்தது. அவன் வயிறு அரைக்கால் சட்டைக்கு மேல் வழிந்து நின்றது. "மரத்துல இருக்கிற கொழுப்பு பத்தாதுன்னு நீ வேற கொண்டுவர்றியாடா?" என்று ஒருவன் கத்தினான். "மரம் தாங்குமா, கேட்டுக்கோங்க!" என்று இன்னொருவன். எனக்கு ஓடி ஒளியவும் தோன்றியது, கத்தியவனை எட்டி அறையவும் தோன்றியது.

நாஸ்யு ஓடினான். அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்து எத்தனையோ காலம். பாதி மரம் தாண்டியதும் கால் வழுக்கியது. ஆனால் அவன் பக்கவாட்டில் சாயவில்லை. வேண்டுமென்றே நெஞ்சை மரத்தின்மேல் போட்டு, கையாலும் காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். மரம் வில்லாக வளைந்து ஆடியது. அந்த வேகத்திலேயே மேல்நோக்கிச் சறுக்கினான்.

"ஏய், ஏய்!" சிக்கு கத்தினான். "இது ஓட்டம் இல்ல! ஊர்றது!"

"ஓடித்தானே வந்தேன்!" மரத்திலிருந்து பதில் வந்தது. "விழுந்துட்டேன். விழக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

கூட்டம் சிரித்தது. இந்த முறை அது அவன் பக்கச் சிரிப்பு. சிக்கு ஒலிபெருக்கியை இறக்கினான். "சரி, விழு. எவ்வளவு நேரம் விழறேன்னு பாப்போம்."

அங்குலம் அங்குலமாக விழுந்துகொண்டே மேலே போனான் என் புருஷன். வயிறு, நெஞ்சு, கன்னம், எல்லாவற்றாலும் தேய்த்தான். கொழுப்பு அவன் தோளில் கட்டி கட்டியாக ஒதுங்கிக் கடலில் சொட்டியது. யாரோ தாளம் போட ஆரம்பித்தார்கள். பேண்டின் பெரிய முரசு அதைப் பிடித்துக்கொண்டது. "நாஸ்-யு! நாஸ்-யு!" இத்தனை வருஷம் அவனைக் கண்டால் கண்ணடித்துச் சிரித்த ஊர், பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

கொடி அவன் தலைக்கு ஒரு முழத்தில் வந்துவிட்டது. அப்போது அவன் நின்றான். வாலிபம் முழுக்க ஓடிய ஓட்டம் அந்த ஒரு முழத்துக்காகத்தான். நான் கார்ச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை வலித்தது. அவன் வலது கை மரத்தை விட்டது, நீண்டது, விரல்கள் விரிந்தன. கொடித்துணியின் ஓரம் நகத்தில் பட்டிருக்கலாம். அடுத்த கணம் உடம்பு மொத்தமும் சுழன்று கவிழ, சுவரில் நின்றவர்கள் வரை நனைந்தார்கள்.

அவன் தலை தண்ணீருக்கு மேலே வருவதற்கு முன்பே லோரி ஓட ஆரம்பித்திருந்தாள். அடிமரம், நடுமரம். அகலமான தோள் முன்னால் சாய, கால்கள் தட்டித் தட்டிப் போயின. இரண்டாவது கொடியின் இடம் வந்தது. எல்லோரும் பறந்த இடம். அவள் பறக்கவில்லை. அப்பன் துடைத்த மரத்தில் பாதம் நின்றது. இன்னொரு எட்டு. இன்னும் ஒன்று. இடது கால் வழுக்கியது, ஆனால் அதற்குள் அவள் தாவிவிட்டாள். வலைக்குள் போகும் பந்தைத் தட்ட எழும்புகிற அதே தாவல். நீலத்துணி அவள் முஷ்டியில் கிழிபடும் சத்தம் எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன். கையை உயர்த்தியபடியே கடலில் விழுந்தாள். உடம்பு முழுகியது, கை முழுகவில்லை. கொடி தண்ணீருக்கு மேலேயே நின்றது.

அப்புறம் என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. முன்னால் நின்ற யாரென்று தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். படகுகள் எல்லாம் ஊது ஊது என்று ஊதின. நாஸ்யு தண்ணீரில் கையை அடித்து அடித்து, "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று வானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சிக்கு ஒலிபெருக்கியை வீசிவிட்டுச் சட்டையோடு குதித்து நீந்திப் போய், அவன் கொழுப்புத் தலையில் முத்தம் கொடுத்தான். "டேய் மால்டாக்காரா, முப்பது வருஷமா இந்த மரத்தப் பாக்குறேன், இப்படி ஒரு விழுகைய நான் பாத்ததே இல்லடா!"

கரையேறியதும் பையன்கள் லோரியைத் தோளில் தூக்கினார்கள். நாஸ்யுவையும் தூக்கப் பார்த்தார்கள். பிடிக்கப் பிடிக்க வழுக்கினான். மூன்றாவது முயற்சியில் தூக்கியவர்களும் அவனுமாக மறுபடி கடலில் விழுந்தார்கள். அப்போதுதான் கோயில் பக்கம் முதல் வெடி வெடித்தது. மாதா வெளியே வந்துவிட்டாள்.

நான் சட்டையையும் கண்ணாடியையும் நீட்டினேன். அவன் மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்து நின்றான். நெஞ்சு முழுக்கச் சிராய்ப்பு. விலாவைத் தொட்டுப் பார்த்தேன். முழுசாக இருந்தது. லோரி தோளிலிருந்து இறங்கி வந்து ஈரக் கொடியை அவன் கழுத்தில் சுற்றினாள்.

"அப்பா, உண்மையச் சொல்லு. எட்டியிருந்தா நீயே எடுத்திருப்பதானே?"

அவன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எடுத்திருப்பேன்" என்றான். "யோசிச்சிருக்கவே மாட்டேன்."

"தெரியும்! கீழேர்ந்து பாத்தேன், உன் கை எப்படிப் போச்சுன்னு!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கொஞ்சம் கை குட்டையாப் போச்சு, இல்லேன்னா இப்ப நீதான் எனக்குக் கை தட்டிட்டிருப்ப."

பேண்டு கோயிலை நோக்கி நகர ஆரம்பித்தது. சிக்கு எங்கள் மூவரையும் பிடித்து முரசுக்கு முன்னால் தள்ளினான். வெறுங்காலோடு, சொட்டச் சொட்ட, அப்பனும் மகளும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தார்கள். மொட்டைமாடிகளிலிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. கொழுப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுகூட அவன் உடம்பைவிட்டு விழவில்லை. தலை முதல் முழங்கால் வரை சிவப்பும் மஞ்சளுமாக, தெருவில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போனான் என் நாஸ்யு.